கட்டிலருகும் ஆய்வுமேசையும்

நம்மோடு முதுகலைத் தமிழ் படித்த தோழி ஒருவர் திருமணத்துக்குப் பின் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய மகன் அங்கே இளங்கலை மூன்றாம் ஆண்டில் உயிரியல் படிக்கிறான். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான். சென்ற கோடையில் தொலைபேசியில் பேசியபோது தோழி தம் கவலையைச் சொன்னார். பையன் இரண்டு ஆண்டுகளாகப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், இதயத் தசைச் செல்களை வளர்த்து ஆராயும் குழுவில் உதவியாளனாக இருக்கிறான். மருத்துவமனைப் பக்கம் அதிகம் போனதில்லை. படிப்பு ஆலோசகர் 'ஆய்வு போதும், இனி நோயாளிகளிடம் போ' என்கிறார். ஆய்வகத்துப் பேராசிரியரோ 'இப்போது விலகினால் கட்டுரையில் உன் பெயர் வராது' என்கிறார். "எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் பிள்ளை தூக்கமில்லாமல் கிடக்கிறான். நீங்கள் ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் தோழி.

வகுப்பில் அகநானூறு நடத்துகிறவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் தமிழ் படித்தவனுக்கு உண்டு. அப்படித் தேடிப் படித்ததில், அந்தப் பையனின் தூக்கத்தைக் கெடுக்கும் வழக்கு நூறாண்டுக்கும் மேல் பழையது என்றும், அதைத் தொடங்கிவைத்தவர்கள் இப்படி ஒரு தராசை மனத்தில் கொண்டிருக்கவே இல்லை என்றும் தெரியவந்தது. அந்தக் கதையை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் ஒரு நுழைவுத் தேர்வு. மதிப்பெண் வந்தால் இடம். அமெரிக்காவில் பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டம் ஒன்றை முடித்த பிறகே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். தேர்வு மதிப்பெண் ஒரு பகுதிதான். அந்த ஆண்டுகளில் என்ன செய்தாய் என்பதும் விண்ணப்பத்தில் கேட்கப்படுகிறது. பதினைந்து அனுபவங்கள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிநேரம் என்று குறிக்க வேண்டும். ஆய்வகத்தில் இத்தனை மணி, மருத்துவரை நிழல்போலத் தொடர்ந்து நின்று பார்த்தது இத்தனை மணி, நோயாளிகளுக்கு உதவியது இத்தனை மணி. இருபது வயதுப் பிள்ளைகள் தங்கள் இளமையை இப்படி மணிக்கணக்காக எழுதிவைக்கிறார்கள்.

'கிளினிக்' என்ற சொல்லின் வேர் கட்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'லேபரட்டரி' என்பதன் வேர் உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒன்று படுத்திருப்பவனின் அருகில் நிற்பது. மற்றொன்று மேசையருகே நின்று உழைப்பது. மருத்துவராக விரும்புகிறவன் இந்த இரண்டு இடங்களிலும் நின்றிருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது?

* * *

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்காவில் இரண்டு இடங்களிலுமே நிற்காமல் மருத்துவராகிவிட முடிந்தது. வழக்கமான முறை இதுதான்: ஊர் மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் தொண்டூழியம். மருந்தரைப்பது, குப்பி கழுவுவது, குதிரைவண்டியில் கூடப் போவது. பிறகு கல்லூரி. கல்லூரி என்றால் சில மாதச் சொற்பொழிவுகள். அடுத்த ஆண்டும் அதே சொற்பொழிவுகள். கட்டணம் நேராகப் பேராசிரியர்களின் கைக்குப் போனதால் யாரையும் திருப்பியனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஹார்வர்டிலேயே ஒன்பது பாடங்களில் ஐந்தில் தேறினால் பட்டம் உண்டு; தேர்வும் வாய்மொழியாகவே நடந்தது. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் எழுத்துத் தேர்வு வேண்டும் என்றபோது, அறுவை மருத்துவப் பேராசிரியர் ஹென்றி பிக்லோ அது நடக்காது என்றாராம். காரணம், மாணவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒழுங்காக எழுதத் தெரியாது! எலியட் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது.

மாற்றம் பால்டிமோரில் நிகழ்ந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் 1873இல் இறந்தபோது ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக எழுபது லட்சம் டாலர் விட்டுச்சென்றார். மருத்துவமனை 1889இல் திறந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் நிதி பால்டிமோர்-ஒஹாயோ ரயில்வேயின் பங்குகளில் இருந்தது, அவை சரிந்தன. மருத்துவமனை இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரி திறக்கப் பணமில்லை.

அந்தப் பணத்தைத் திரட்டியவர்கள் பெண்கள். அதே ரயில்வேயின் தலைவராக இருந்தவரின் மகள் மேரி காரெட்டும் அவருடைய தோழியரும் ஊர் ஊராக நிதிக்குழுக்கள் அமைத்தார்கள். ஐந்து லட்சம் டாலர் தேவை. குறைந்த தொகையை, மூன்று லட்சத்துக்கும் மேலானதை, காரெட் தாமே தந்தார். தந்தபோது நிபந்தனைகளும் விதித்தார். ஆண்களுக்கு இணையாகப் பெண்களைச் சேர்க்க வேண்டும். சேர்கிறவர் எவராயினும் பட்டம் பெற்றிருக்க வேண்டும்; பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருக்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் வேறெந்த மருத்துவக் கல்லூரியும் இவ்வளவு கேட்டதில்லை. நாம் நல்லவேளையாகப் பேராசிரியர்களாக உள்ளே வந்துவிட்டோம், மாணவர்களாக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று வில்லியம் ஆஸ்லர் தம் நண்பர் வில்லியம் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். 1893 அக்டோபரில் 18 மாணவர்களோடு கல்லூரி திறந்தது. அவர்களில் மூவர் பெண்கள்.

இன்றைய மருத்துவ விண்ணப்பதாரர் கடக்கும் நுழைவாயிலுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவராக இந்தப் பெண்மணியைச் சொல்லலாம். மூடிய கதவு ஒன்றைத் திறப்பதற்காக அவர் வைத்த நிபந்தனைகள் பின்னாளில் வேறு சில கதவுகளை மூடவும் பயன்பட்டன. அதற்கு வருவோம்.

* * *

ஹாப்கின்ஸின் முதல் இரண்டாண்டுகள் ஆய்வகத்தில், பின் இரண்டாண்டுகள் நோயாளிகளின் கூடத்தில் கழிந்தன. ஆய்வகத்தின் முகமாக வெல்ச். கட்டிலருகின் முகமாக ஆஸ்லர். பாடநூல்கள் இப்படித்தான் இருவரையும் எதிரெதிரே நிறுத்துகின்றன. ஆனால் ஆஸ்லரின் வாழ்க்கை அவ்வளவு எளிதாகப் பிரிபடவில்லை.

கனடாவில் 1849இல் பிறந்த ஆஸ்லர், பட்டம் பெற்றவுடன் லண்டனுக்குப் போய்ப் பர்டன் சாண்டர்சன் என்ற உடலியல் அறிஞரின் ஆய்வகத்தில் ஒன்றரை ஆண்டுக்காலம் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். இரத்தத்தில் சிவப்பணுவும் வெள்ளணுவும் அல்லாத நுண்துகள்களைக் கண்டு 1874இல் எழுதினார். தட்டணுக்கள் என்று நாம் இன்று அறிபவை அவை. டெங்குக் காய்ச்சல் காலத்தில் எண்ணிக்கை குறைகிறதா என்று வீடுதோறும் கேட்கிறோமே, அவைதாம். பிறகு மான்ட்ரியலில் பல நூறு பிணக்கூறாய்வுகளைத் தம் கையாலேயே செய்தார். கட்டிலருகே அவர் கண்டு சொன்னவற்றின் பின்னால் இந்தப் பயிற்சி முழுவதும் இருந்தது. மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச்சென்று கற்பித்தவன் என்ற ஒன்றே தம் கல்லறைமீது எழுதப்பட்டால் போதும் என்று அவர் சொன்னது உண்மை. ஆயினும் கூடத்தை ஒட்டி மாணவர்களுக்குச் சிறு ஆய்வகம் இருக்க வேண்டும், இரத்தத்தையும் சிறுநீரையும் அவர்களே சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான்.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். 1892இல் ஆஸ்லர் எழுதிய மருத்துவப் பாடநூலை, 1897 கோடையில் ஃபிரெடரிக் கேட்ஸ் என்ற பாதிரியார் விடுமுறை வாசிப்பாகப் படித்தார். அவர் எண்ணெய்ச் செல்வர் ராக்ஃபெல்லரின் அறக்கொடை ஆலோசகர். நூல் நோய்களை அழகாக விவரித்தது. எத்தனை நோய்களுக்கு உறுதியான மருந்து உண்டு என்று தேடியபோது மிகச் சிலவே தேறின. ஆஸ்லர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். கேட்ஸ் திகைத்துப்போய், ஆராய்ச்சிக்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்று ராக்ஃபெல்லரிடம் எடுத்துரைத்தார். 1901இல் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. கட்டிலருகு மனிதர் ஒருவர் தம் இயலாமையை நேர்மையாக எழுதிவைத்ததால் ஓர் ஆய்வகம் எழுந்தது.

* * *

அடுத்து வருகிறவர் மருத்துவரே அல்லர். ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், கென்டக்கி மாநிலத்தில் பள்ளி நடத்திய ஆசிரியர்; ஹாப்கின்ஸில் செவ்வியல் மொழிகள் படித்தவர். நம்மைப் போன்ற மொழிக்காரர் என்று சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கார்னகி அறநிலையம் வேண்டிக்கொண்டதன்பேரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளையும் ஆய்ந்து 1910இல் அறிக்கை வெளியிட்டார். பூட்டிக் கிடந்த ஆய்வகங்கள், நோயாளியே இல்லாத கல்லூரிகள் என எல்லாவற்றையும் ஊர் பெயரோடு எழுதினார். ஹாப்கின்ஸைப் போல மற்றவையும் ஆக வேண்டும், குறைந்தது ஈராண்டுக் கல்லூரிப் படிப்பும் அடிப்படை அறிவியலும் இன்றி எவரையும் சேர்க்கக் கூடாது என்றார்.

அந்த அறிக்கையின் மையக் கருத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆய்வாளனும் மருத்துவனும் செய்வது ஒரே வேலை என்பதே அது. கவனித்துப் பார்ப்பது, ஓர் ஊகத்துக்கு வருவது, ஊகம் சரியா என்று சோதிப்பது, தவறானால் விட்டுவிடுவது. மேசைமேல் குடுவையோடு செய்தாலும் கட்டிலில் மனிதரோடு செய்தாலும் மனத்தின் இயக்கம் ஒன்றே. ஆகவே ஆய்வகம் மருத்துவனுக்கு ஓர் அலங்காரம் அன்று. நிதானமாகப் பார்க்கக் கற்கும் இடம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. தரம் உயர்ந்தபோது செலவும் உயர்ந்தது. முன்பே குறையத் தொடங்கியிருந்த கல்லூரிகள் அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியாயின. கறுப்பினத்தவர்க்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஹோவார்டும் மெஹாரியும் மட்டுமே நிலைக்கத் தக்கவை என்று ஃப்ளெக்ஸ்னர் எழுதினார். சில ஆண்டுகளில் அவ்விரண்டுமே எஞ்சின. கறுப்பின மருத்துவர் தம் இனத்தவர்க்கு மட்டுமே பணியாற்றுவார் என்ற பார்வையும் அந்த அறிக்கையில் உண்டு. 2020இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தான் வழங்கிவந்த விருதிலிருந்து ஃப்ளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது. நுழைவாயிலில் எதை வைத்து அளக்கிறோமோ, அதை வாங்க முடியாதவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

* * *

1911இல் ஃப்ளெக்ஸ்னர் அடுத்த படிக்குப் போனார். மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்கள் தனிப்பட்ட நோயாளிகளிடம் கட்டணம் பெறக் கூடாது. முழுநேரமும் கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் செலவிட வேண்டும். வெல்ச் ஆதரித்தார். அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஆஸ்லர் ஹாப்கின்ஸ் தலைவருக்கு நீண்ட மடல் எழுதி எதிர்த்தார். ஆய்வகத்துக்குள்ளேயே உலகை அடக்கிக்கொண்ட ஒரு தலைமுறை ஆசிரியர்கள் உருவாவார்கள், நோயாளிகளின் வாழ்வு அவர்களுக்கு அந்நியமாகிவிடும் என்பது அவருடைய அச்சம். 1913இல் ராக்ஃபெல்லர் பணம் பதினைந்து லட்சம் டாலர் வந்தது. முழுநேர முறையும் வந்தது. அம்முறையில் மருத்துவப் பேராசிரியராக வந்த தியடோர் ஜேன்வே சில ஆண்டுகளிலேயே, 1917இல், பதவி விலகி மீண்டும் நோயாளிகளிடம் போக முடிவுசெய்தார்.

ஃப்ளெக்ஸ்னரின் மனமும் அப்படியே இருக்கவில்லை. 1925இல் அவர் எழுதிய நூலில், அமெரிக்காவின் அறிவியல் மருத்துவம் துடிப்பாக இருக்கிறது, ஆனால் பண்பாட்டுப் பின்புலத்தில் வறண்டிருக்கிறது என்ற ஏக்கம் தெரிகிறது. ஒரு பக்கத்தை வலுவாகத் தள்ளியவரே மறுபக்கம் எடையிழந்ததைக் கண்டுகொண்டார்.

அதே காலத்தில் பாஸ்டனில் ஃபிரான்சிஸ் பீபாடி என்றொருவர் இருந்தார். ஏழைகள் வந்துசேரும் நகர மருத்துவமனை ஒன்றுக்குள்ளேயே 1923இல் திறக்கப்பட்ட தார்ன்டைக் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இரசாயனமும் அளவைகளும் அவர் தொழில். அவர்தான் 1926இல் ஹார்வர்ட் மாணவர்களிடம் நோயாளியைப் பேணுதல் பற்றிப் பேசினார். மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்ததும் ஒரு மனிதனின் வீடு, வேலை, கவலை எல்லாம் மறைந்து நோய் மட்டும் எஞ்சிவிடுகிறது, அந்த மறைந்த பகுதியைத் தேடிப்போவதும் மருத்துவம்தான் என்பது அவர் பேச்சின் சாரம். பேச்சு 1927இல் அச்சேறியது. அதே ஆண்டு, 45 வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். கட்டிலருகைப் பற்றி அமெரிக்க மருத்துவத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட உரைகளுள் ஒன்றை ஓர் ஆய்வக இயக்குநர் நிகழ்த்தினார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

* * *

அதே பாஸ்டன் நகரில் அதே ஆண்டுகளில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரும் இருந்தார். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தக் கட்டில்களின் அருகே நின்றுவிட்டு, 1923இல் ஹார்வர்டுக்கு வந்தார். அங்கே மருத்துவராகப் பணிசெய்ய அவருடைய சென்னைச் சான்றிதழ் உதவவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியரானார். நோயாளிகளின் மலச்சட்டிகளைச் சுத்தம் செய்தார். பகலில் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் உயிர்வேதியியல். உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். அது இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. தசைக்கு ஆற்றல் தரும் பொருள்களைப் பற்றிய கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன.

பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அது மருந்தாகும். அந்த அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்குழு உருவாக்கியது. அதைக் கொண்டு சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். சுப்பாராவ் அதே ஆண்டு காலமானார்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர். சுப்பாராவ் பகலில் மூன்றாம் கூற்றிலும் இரவில் நான்காம் கூற்றிலும் இருந்தார். மலச்சட்டி தூக்கிய இரவுகளை எந்த விண்ணப்பத்தில் எத்தனை மணியென்று எழுதுவது?

* * *

நிற்க. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணம் வெள்ளமாகப் பெருகியது. மருத்துவமும் முனைவர் பட்டமும் ஒருங்கே படிப்போர்க்கு 1964இல் அரசே உதவித்திட்டம் தொடங்கியது. ஆனால் 1979இல் ஜேம்ஸ் வின்கார்டன், நோயாளியையும் பார்த்து ஆராய்ச்சியும் செய்கிறவர் அருகிவரும் உயிரினம் ஆகிவிட்டார் என்று எழுதினார். ஆஸ்லரைப் போன்றவர் தனியொருவராக இருப்பது அரிதாயிற்று. ஒரே ஆளில் இருந்தவை இரண்டு தொழில்களாகப் பிரிந்தன. பெரியவர்களிடம் பிரிந்துபோன இரண்டையும் விண்ணப்பத்தில் சேர்த்துவைத்துக் காட்டும் சுமை இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் இறங்கியிருக்கிறது. 2015 முதல் மருத்துவ நுழைவுத் தேர்வில் உளவியலும் சமூகவியலும் சேர்ந்தன. நல்ல நோக்கந்தான். பாரமும் கூடத்தான்.

மேரி காரெட்டின் நிபந்தனைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்கிறது. சம்பளமில்லாமல் ஆய்வகத்தில் நிற்கவும், மருத்துவரை நிழல்போலத் தொடரவும் வீட்டில் வசதி வேண்டும். மாலையில் கடையில் வேலைபார்த்துக் கட்டணம் கட்டும் மாணவனுக்கு அந்த மணிகள் எங்கிருந்து வரும்? முதியோர் இல்லத்தில் கூலிக்கு உதவியாளராக இருக்கும் மாணவி தன் வேலையை அனுபவம் என்று எழுதத் தோன்றாமலே விட்டுவிடவும் கூடும். அவளுக்கு யாராவது சுப்பாராவின் கதையைச் சொல்ல வேண்டும்.

தோழியின் மகனோடு நாம் பேசியபோது பாதி தமிழ், பாதி ஆங்கிலம். முனைவர் பட்டமும் சேர்த்துப் படிக்க எண்ணமா என்று கேட்டோம். அதற்கு ஆய்வனுபவம் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும், அங்கே ஆய்வகம் தவிர்க்க முடியாதது. இல்லை, மருத்துவம் மட்டுமே என்றான். அப்படியானால் தராசைக் கீழே வை என்றோம். ஆய்வகத்தை முற்றாக விட வேண்டாம். வாரத்தில் சில மணிகள் குறைத்துக்கொண்டு, அவற்றை ஒரே மருத்துவமனைக்கு, ஒரே கூடத்துக்கு, நெடுநாள் கொடு. பல இடங்களைத் தொட்டுவிட்டு வராதே. எண்ணிக்கைக்காகப் போனால் கடிகாரத்தைத்தான் பார்ப்பாய்.

சில மாதங்கள் கழித்து அவனே அழைத்தான். சக்கர நாற்காலி தள்ளும் தொண்டு வேலை கிடைத்திருந்தது. இதயம் தளர்ந்த முதியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வாசல்வரை கொண்டுபோனானாம். அவர் தம் காலணிகளை மடியில் வைத்திருந்தார். வீங்கிய கால்களில் அவை நுழையவில்லை. எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டிருக்கிறான். அவர் மாதத்தைச் சொல்லவில்லை. பேத்தியின் திருமணத்துக்கு அணிந்ததுதான் கடைசி என்று சொன்னாராம்.

"மாமா, நான் இரண்டு வருஷமா அந்தச் செல்லைத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றான். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தான். போய், தட்டில் துடிக்கும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது என்ன தோன்றியது என்று நாம் இன்னும் கேட்கவில்லை.